பின்புறக் காற்றுப்பை கசியும்பொழுது

வெளிமாநிலங்களில் தொழில் செய்யும் நம்மவர் பலர் பழைய பெருங்கார்களை வாங்கி, பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் குடும்பத்தோடு அவற்றில் புறப்படுகின்றனர். மைசூரிலிருந்து கோபிநத்தம் செல்வோரை எடுத்துக்கொள்வோம். 1997 வரை மைசூர் மாவட்டத்திலும், அதன்பின் சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கிய அவ்வூரில் தமிழ் பேசுவோர் மிகுதி. சுற்றிலும் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தின் காடு. மாதேசுவர மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, பாலாற்றுப் பக்கமாகப் பிரியும் காட்டுச் சாலையில் செல்ல வேண்டும். யானை நடமாடும் அவ்வழியில் வண்டியின் பின்புறம் உட்கார்ந்துவிட்டால், உதவிக்கு மேட்டூரையோ கொள்ளேகாலத்தையோதான் நோக்க வேண்டும். ஆதலின், கசிவைப் புறப்படுமுன்னரே கண்டறிதல் இன்றியமையாதது.

‘ஏர் சஸ்பென்ஷன்’ என்பதைக் ‘காற்றுத் தொங்கலமைப்பு’ என்று மொழிபெயர்ப்பாளராகிய நாம் கோப்பில் எழுதிவிடலாம். பட்டறையில் அச்சொல் செல்லாது. பொருள் இதுதான்: பின் அச்சின் இருபுறமும் இரும்புச் சுருள்வில் இருக்குமிடத்தில் ரப்பர்ப் பைகள் இருக்கும். மின்சாரக் கம்ப்ரசர் அவற்றில் காற்றை அடைக்கும். உயரத்தை அளக்கும் கருவி, சுமை ஏறினால் காற்றைக் கூட்டவும் இறங்கினால் குறைக்கவும் செய்யும். 1998 முதல் 2004 வரை வெளிவந்த இரண்டாந் தலைமுறை லாண்ட்ரோவர் டிஸ்கவரி வண்டிகள் சிலவற்றில் இவ்வமைப்பு உண்டு. கசிவு புதிய நோயன்று. 1957-இல் அமெரிக்காவின் காடிலாக் எல்டொரேடோ புரூம் கார் காற்றுப்பைகளோடு வெளிவந்தது; அதை வாங்கியவர் பலர், தொல்லை பொறுக்காது சுருள்வில்லுக்கு மாறினர்.

இனி, சோதனை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலுள்ள வளைவின் விளிம்புவரை இருபுறமும் அளந்து குறித்துக்கொள்க. மறுநாட் காலையில், கதவைத் திறக்குமுன், மீண்டும் அளந்து பார்க்க. இரவுக் குளிரில் இருபுறமும் சிறிதளவு தாழ்வது இயல்பே. ஒருபுறம் மட்டும் பெரிதும் தாழ்ந்திருப்பின், அப்பக்கத்துப் பையையோ குழாயையோ ஐயுற வேண்டும். இருபுறமும் ஒன்றாக அமிழ்ந்தால் வால்வுத் தொகுதியை நோக்குக.

கசியுமிடத்தைக் காட்டுவது சோப்பு நீரே. எஞ்சினை ஓட்டி வண்டி முழு உயரத்துக்கு வந்தபின் நிறுத்திவிட்டு, பையின் கீழ் மடிப்பிலும் குழாய் இணைப்பிலும் தெளித்தால் குமிழி எழும். மடிப்பில்தான் மணலும் சேறும் தங்கி ரப்பரை அரித்து வெடிக்கச் செய்கின்றன. ஒன்றை மறவற்க: உடற்பாகத்துக்கு உறுதியான முட்டுக் கொடாமல் எவரும் வண்டியின் அடியில் புகலாகாது. காற்று திடீரென வெளியேறினால் மேற்பகுதி முழுவதும் கீழிறங்கிவிடும்.

கசிவைப் பாராமுகமாக விட்டால் கம்ப்ரசர் ஓயாது ஓடிச் சூடேறித் தேயும். சிறு பழுது பெருஞ்செலவாவது இங்ஙனமே. புதுக் கம்ப்ரசரை மட்டும் மாட்டித் திரும்புவோரும் உளர்; ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதற்கு அது ஒப்பாகும்.

குழாயின் முனை தேய்ந்திருப்பின், காற்றை வெளியேற்றிவிட்டு, நேராக நறுக்கிப் பொருத்தினால் போதும். வெடித்த பையை டயர் டியூபைப் போல ஒட்டுப்போட்டுக் காக்க இயலாது. இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நன்று, மற்றதற்கும் அதே வயதன்றோ! புதுப்பையில் சிறிது காற்றேற்றி மடிப்புச் சீராக அமைந்த பின்னரே வண்டியின் பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும்.

வழியிலேயே பை ஓய்ந்துவிட்டால், கம்ப்ரசரின் பியூசைக் கழற்றிவிட்டு, மூட்டைகளை இறக்க இயலுமாயின் இறக்கி, மெல்ல அடுத்த ஊரை அடைக. வெறும் பையோடு நெடுந்தூரம் ஓட்டினால் ரப்பர் நசுங்கிக் கிழியும்.

சுருள்வில்லுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்போர் பலர். எப்பொழுதும் நிறை சுமை ஏற்றுவோர்க்குக் காற்றுப்பையே தகும். ஆண்டுக்கு இருமுறை ஊருக்கு வருவோர்க்கு, அவ்வண்டியின் எடைக்கென்றே அமைந்த வில் போதும் என்பது நம் கருத்து. அப்பொழுது சுமையேற்றினால் பின்புறம் சற்றுத் தாழும். கருவிப் பலகையில் எச்சரிக்கை விளக்கும் எரியக்கூடும். அதை அணைக்கும் வழியைப் பணம் கொடுக்குமுன்பே பட்டறைக்காரரிடம் கேட்டுக்கொள்க.