எமர்ஜென்சி சுவிட்ச்: 2020ல் 8 மணி நேர வேலை 12 ஆன கதை

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வியை நாலஞ்சு பேர் வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "லாக்டவுன்ல கம்பெனியை மூடியிருந்த நாளையெல்லாம் எங்க லீவுல கழிச்சுட்டாங்க. அப்படிப் பண்ணலாமா?"

2020 மார்ச் 20ம் தேதி மத்திய தொழிலாளர் துறை ஒரு அறிவுரை அனுப்பிச்சது. கொரோனாவால லீவு எடுத்தாலும் சரி, வேலை செய்யற இடமே மூடிக்கிடந்தாலும் சரி, அந்த ஆளை வேலையில இருந்ததாவே கணக்கு வைக்கணும், சம்பளத்தைப் பிடிக்கக் கூடாதுன்னு அதுல இருந்தது. கேட்க நல்லா இருக்கு, இல்லையா? ஆனா அது அறிவுரைதான், சட்டம் இல்லை. மீறினா தண்டனைன்னு எதுவும் கிடையாது.

பல் இருந்த ஆணை மார்ச் 29ம் தேதிதான் வந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ உள்துறை அமைச்சகம் போட்டது. மூடியிருக்கிற காலத்துக்கும் பிடித்தம் இல்லாம, உரிய தேதியில முழுச் சம்பளம் கொடுக்கணும்னு சொல்லுச்சு. மே 18லருந்து அது காலாவதி. முதலாளிகள் தரப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. ஜூன் 12ம் தேதி கோர்ட், சம்பளம் தராத முதலாளிகள் மேல கட்டாய நடவடிக்கை வேண்டாம், அந்த 50 நாள் சம்பளத்தை ரெண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கங்கன்னு சொல்லிடுச்சு. ஒரு பெரிய நிறுவனத்தோட ஒரு தொழிலாளி எந்த பலத்துல உட்கார்ந்து பேசறதுன்னு எனக்கு இன்னும் புரியலை.

அதனால லீவு கேள்விக்கு நேரடி பதில்: அந்த 50 நாளுக்கு நியாயம் உங்க பக்கம் இருந்தது. அதை வாங்கித் தர ஆள் இல்லை.

அதே சமயத்துல எதிர்த்திசையில ஒரு மாற்றம் நடந்தது. இன்னைக்கு நான் முக்கியமா பேச வந்தது அதைத்தான்.

2025 வரைக்கும் அமல்ல இருந்த 1948ம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டத்துல பிரிவு 5ன்னு ஒண்ணு இருந்தது. நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா ஓவர்ரைடு சுவிட்ச். 'பொது அவசரநிலை' வந்தா, மாநில அரசு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 மாசம் தொழிற்சாலைகளுக்கு இந்தச் சட்டத்துலருந்து விலக்கு கொடுக்கலாம்னு அதுல இருந்தது.

ஏப்ரல் 17ம் தேதி குஜராத் அரசு இந்த சுவிட்சை அழுத்துச்சு. ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை வாங்கலாம். அப்போ வழக்கமான வரம்பு நாளைக்கு 9, வாரத்துக்கு 48ஆ இருந்தது. கூடுதல் நேரத்துக்கு என்ன சம்பளம்? இங்கதான் விஷயம். அறிவிக்கையிலேயே உதாரணம் போட்டிருந்தாங்க: 8 மணி நேரத்துக்கு 80 ரூபாய்னா, 12 மணி நேரத்துக்கு 120 ரூபாய்.

கணக்கு சரிதானேன்னு தோணும். ஆனா அந்தச் சட்டத்தோட பிரிவு 59 என்ன சொல்லுச்சுன்னா, நாளைக்கு 9 மணி நேரமோ வாரத்துக்கு 48 மணி நேரமோ தாண்டினா ஓவர்டைமுக்கு ரெண்டு மடங்கு. அதே மணிக்கு 10 ரூபாய் கணக்குல வாரம் 72 மணி நேரம் போட்டுப் பாருங்க. முதல் 48க்கு 480, மீதி 24க்கு 20 ரூபாய் வீதம் 480, ஆக 960. அரசு கணக்குப்படி 720. சட்டப்படி வர வேண்டியதுல கால்வாசி காணோம், அதுவும் கம்பெனி நஷ்டத்துல இருக்குதான்னு கூட பார்க்காம.

குஜராத் மஸ்தூர் சபாவும் இன்னொரு தொழிற்சங்கமும் நேரா உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. அதுக்குள்ள அரசு ஜூலையில இன்னொரு அறிவிக்கை போட்டு மேலும் 3 மாசம் நீட்டிச்சது. அக்டோபர் 1ம் தேதி நீதிபதி சந்திரசூட் தலைமையிலான 3 பேர் அமர்வு ரெண்டையும் ரத்து பண்ணுச்சு.

வழக்கு மொத்தமும் ஒரு வரையறையில நின்னுச்சு. 'பொது அவசரநிலை'ன்னா என்னன்னு பிரிவு 5லயே விளக்கம் இருந்தது: போர், அந்நியப் படையெடுப்பு, உள்நாட்டுக் குழப்பம் இதுல ஒண்ணால நாட்டோட பாதுகாப்புக்கே ஆபத்து வர்ற கடுமையான நிலைமை. கொள்ளைநோய் பொருளாதாரத்தை முடக்கிப் போட்டது உண்மை, ஆனா அது இந்த விளக்கத்துக்குள்ள வராதுன்னு கோர்ட் சொல்லுச்சு. பொருளாதாரச் சுமையை தொழிலாளி தலையில மட்டும் ஏத்த முடியாதுன்னும் சொல்லுச்சு. அரசியல் சாசனம் 142வது பிரிவுல இருக்கிற தன் அதிகாரத்தை வச்சு, அந்த மாசங்கள்ல வேலை பார்த்த எல்லாருக்கும் ஓவர்டைம் சம்பளம் கொடுக்கவும் உத்தரவு போட்டுச்சு. எனக்கு இந்தத் தீர்ப்புல ரொம்பப் பிடிச்ச வரி அதுதான். அறிவிக்கை ரத்துன்னு மட்டும் சொல்லியிருந்தா, ஏற்கெனவே உழைச்ச 12 மணி நேரம் காத்துல போயிருக்கும்.

இனிமே எந்த மாநிலமும் 12 மணி நேரம் பக்கமே போகாதுன்னு நினைச்சுடாதீங்க. தமிழ்நாடே போச்சு, ஆனா வேற கதவு வழியா. 2023 ஏப்ரல் 21ம் தேதி, வேலை நேர விதிகள்ல தளர்வு கொடுக்க வழி பண்ற 65ஏ திருத்தத்தை சட்டசபையில நிறைவேத்தினாங்க. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததுல நிறுத்தி வச்சு, மே 1ம் தேதி வாபஸ்னு முதல்வரே அறிவிச்சார். அப்போ எந்த அவசரநிலையும் இல்லை, பிரிவு 5ஐயும் யாரும் தொடலை. அதுக்கு என்ன காரணம் சொன்னாங்கன்னு அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.