உடலுழைப்பும் வெப்பநிலையும் கீட்டோசிஸும்

கீட்டோசிஸ் என்பது உடல் தன் ஆற்றலுக்குப் பெரிதும் கொழுப்பைச் சார்ந்திருக்கும்போது, குருதியில் கீட்டோன் பொருள்களின் அளவு உயர்ந்திருக்கும் நிலை ஆகும். கொழுப்பு அமிலங்களிலிருந்து கல்லீரல் இவற்றை உண்டாக்குகிறது. வழக்கமாக உண்பவரின் குருதியில் இவை லிட்டருக்கு 0.5 மில்லிமோலுக்கும் குறைவாகவே இருக்கும்.

உழைப்பின் விளைவு

நெடுநேரம் உழைக்கும்போது கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் குறைகிறது. இன்சுலினும் குறைவதால் கொழுப்பு அமிலங்கள் குருதியில் கலக்கின்றன. ஆயினும் தசைகளே கீட்டோன்களை எரித்துவிடுவதால் உழைப்பின்போது அளவு பெரிதும் ஏறுவதில்லை. உழைப்பு நின்று சில மணி நேரம் கழித்தே உச்சத்தை அடைகிறது. இதனைக் கோர்டிஸ், டக்ளஸ் ஆகிய இருவர் 1936-இல் விரிவாக ஆராய்ந்ததால் இது கோர்டிஸ்-டக்ளஸ் விளைவு எனப்படுகிறது. மாச்சத்து மிகுதியாக உண்டவர்களிடமும் பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களிடமும் இவ்விளைவு குறைவு.

வெப்பநிலையின் விளைவு

குளிரில் நோரடிரினலின் கொழுப்புத் திசுவைத் தூண்டுவதால், பட்டினியுடன் குளிரும் சேரும்போது கீட்டோன் உற்பத்தி கூடுகிறது. வெப்பத்தின் வேலை வேறு. அது பெரும்பாலும் மறைமுகமானது. வெப்பத்தில் உழைக்கும் தசை கிளைக்கோஜனை விரைவாகச் செலவிடுகிறது, பசி மந்தப்படுகிறது, வியர்வையால் நீரிழப்பு ஏற்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் மே மாத வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. கவரைப்பேட்டையை அடுத்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளில் உலையின் வெப்பமும் இதனுடன் சேர்கிறது. அங்குக் காலையில் உண்ணாமல் பணிக்குச் செல்பவருக்கு மிதமான கீட்டோசிஸ் ஏற்படக்கூடும். உடல்நலம் உள்ளவருக்கு இதனால் தீங்கில்லை. மாச்சத்து, உப்பு, நீர் மூன்றும் உள்ள பழைய சோறு இதற்கு எளிய மாற்று. நீரிழப்பால் சிறுநீர் செறிவடைவதால், சிறுநீர்ச் சோதனைத்தாள் உண்மை நிலையைவிட மிகுதியாகவும் காட்டலாம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

நீரிழிவு நோயாளிகள் நிலை வேறு. இன்சுலின் போதாதபோது கீட்டோன் 3 மில்லிமோலைத் தாண்டிக் குருதி அமிலமாகலாம். இது உயிருக்கு ஆபத்தானது. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்குச் சர்க்கரை அளவு பெரிதும் உயராமலே இது நேரலாம். பட்டினியும் நீரிழப்பும் அதற்கு வழிவகுக்கும். வாந்தி, வயிற்றுவலி, கடும் சோர்வு ஆகிய இதன் அறிகுறிகள் வெப்பத் தளர்ச்சியிலும் காணப்படுவதால், உலையருகே பணிபுரியும் நீரிழிவு நோயாளியின் வாந்தியை வெயிலின் விளைவு என்று எளிதில் கருதிவிடலாம். சர்க்கரையை மட்டும் பார்த்து அனுப்பாமல் குருதிக் கீட்டோனையும் அளந்தால்தான் இரண்டையும் பிரித்தறிய இயலும்.