கார் விளக்கை மாற்றப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

இருட்டோடு எழுந்து வேலைக்குப் போவது நம் மக்களுக்குப் புதிதல்ல. பொழுது புலருமுன்பே நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர்கள் நம் பாட்டனும் பாட்டியும். கார்பைட் கல்லின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். அதிலிருந்து கிளம்பும் அசிட்டிலின் வாயு எரிந்து வெளிச்சம் தரும். வேடிக்கை என்னவென்றால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடிய மோட்டார் கார்களுக்கும் இதே வாயுதான் முகவிளக்கு. சீமான் காரில் எரிந்ததும் தொழிலாளியின் நெற்றியில் எரிந்ததும் ஒன்றே!

அந்தப் பாட்டாளிகளின் பேரப்பிள்ளைகளில் பலர் தோட்டத்தை விட்டு வந்துவிட்டார்கள். ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போய், ஸ்கூடாய், கெம்பாஸ் வட்டாரங்களில் குடியிருக்கிறார்கள். தம்போய் தொழிற்பேட்டைக்குச் சிலர், பாலம் கடந்து சிங்கப்பூருக்குச் சிலர் என்று வேலைக்குப் போகிறார்கள். ஆனால் இருட்டோடு புறப்படும் வழக்கம் மட்டும் மாறவில்லை. கோழி கூவுமுன்பே மோட்டார்சைக்கிள்கள் சாரை சாரையாகப் பாலத்தை நோக்கி ஓடுகின்றன. அதே சாலையில் கார்களும் லோரிகளும் ஓடுகின்றன.

கார் வைத்திருக்கும் தம்பிமாருக்கு இங்கேதான் ஓர் ஆசை பிறக்கிறது. "வெளிச்சம் போதவில்லை, பெரிய பல்பாகப் போட்டுவிடலாம்" என்கிறார்கள். ஆசை தவறில்லை. ஆனால் எதை, எந்த வரிசையில் செய்வது என்று தெரிந்து செய்தால் பணமும் மிச்சம், உயிரும் மிச்சம்.

எதிரே வருபவர் யார்?

நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள். அதனால்தான் 1992ஆம் ஆண்டு முதல் மோட்டார்சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிய ஓடவேண்டும் என்று மலேசியாவில் சட்டம் வந்தது. கண்ணில் படாமல் நேரும் மோட்டார்சைக்கிள் விபத்துகள் அதன் பின் கால்பங்குக்கு மேல் குறைந்தன என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரு சிறு விளக்கு எத்தனை உயிரைக் காக்கும் என்பதற்கு இது சாட்சி.

அதே விளக்கு உயிரை எடுக்கவும் வல்லது. மிதமிஞ்சிய ஒளி கண்ணில் அடித்தால், பார்வை தெளிய இரண்டு மூன்று விநாடியாவது பிடிக்கும். வயதானவர்களுக்கு இன்னும் அதிக நேரமாகும். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார்சைக்கிள் மூன்று விநாடியில் 58 மீட்டர் தூரம் ஓடிவிடும். அந்த 58 மீட்டரையும் அந்த மனிதர் குருடராகவே கடக்கிறார். பின்னால் மனைவியோ பிள்ளையோ அமர்ந்திருக்கலாம்.

பல்பு மட்டும் விளக்கல்ல

முகவிளக்கு என்பது பல்பு மட்டுமல்ல. பல்பு, அதன் பின்னே இருக்கும் பளபளப்பான கிண்ணம், முன்னே இருக்கும் கண்ணாடி, கரண்டு கொண்டுவரும் ஒயர், விளக்கு நோக்கும் திசை ஆகிய ஐந்தும் சேர்ந்ததே விளக்கு. இவற்றில் நான்கு கெட்டிருக்கும்போது பல்பை மட்டும் மாற்றுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல.

பழைய சாகா, கஞ்சில் போன்ற கார்கள் பலவற்றில் இருப்பது ஹெச்4 பல்பு. 1971இல் வந்த இந்தப் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. ஹைபீமுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழையின் அடியில் ஒரு குட்டித் தகடு இருக்கும். ஒளி மேலே போய் எதிரே வருபவரின் கண்ணைக் குத்தாமல் தடுப்பது அந்தத் தகடுதான். இழை எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று மயிரிழை அளவுக்குக் கணக்கிட்டே கிண்ணத்தைச் செய்கிறார்கள்.

காசில்லா வைத்தியம் முதலில்

முதலில் கண்ணாடியைப் பாருங்கள். இப்போதைய விளக்குகளின் முன்பக்கம் உண்மைக் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். நம் ஊர் வெயிலில் சில வருடங்களில் அது மஞ்சளித்து மங்கிப் போகும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018இல் சோதித்தபோது, மங்கிப்போன விளக்குகள் புதிய விளக்கின் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே தந்தன. இதற்குப் புதுப் பல்பு மருந்தல்ல. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டு, வெயில் தாங்கும் பூச்சு பூசவேண்டும். பூச்சில்லாமல் விட்டால் சில மாதங்களில் மறுபடியும் மங்கும். பற்பசை தேய்ப்பது நாலு நாள் அழகு, அவ்வளவே.

அடுத்தது ஒயர். பழைய காரில் துருப்பிடித்த இணைப்புகளும் தேய்ந்த சுவிட்சும் கரண்டை வழியிலேயே தின்றுவிடும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பல்பின் ஒளி பத்தில் மூன்று பங்கு குறைந்துபோகும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, பேட்டரியிலும் பல்பின் காலிலும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை வோல்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறை ஒயரில். எர்த் இணைப்பைச் சுத்தம் செய்து, பேட்டரியிலிருந்து நேராக ரிலேயும் பியூசும் போட்டுக் கொடுத்தால், பழைய பல்பே புதுப்பல்பு போல் எரியும்.

மூன்றாவது திசை. சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி காரை நிறுத்துங்கள். டயரில் காற்றுச் சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமரட்டும். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் கோடு போடுங்கள். டிம் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஆகவே இடப்புறம் மட்டும் ஒளி சற்று மேலேறி, ஓரமாக நடந்து போகிறவரைக் காட்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து வந்த பழைய விளக்கை மலிவென்று வாங்கி மாட்டினால், அந்த ஏற்றம் வலப்புறம் திரும்பி எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கும்.

பல்பு வாங்கும்போது

இவ்வளவும் செய்த பிறகே பல்பு. அதே வாட்டில், நல்ல தரத்தில் வாங்குங்கள். வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருந்தால், அது ஐக்கிய நாட்டு ஒழுங்குமுறைப்படி சோதித்த பல்பு என்று பொருள். 'கூடுதல் ஒளி' என்று விற்கும் பல்புகளில் அதே வாட்டில் இழையை நுணுக்கமாகச் சுற்றியிருப்பார்கள். வெளிச்சம் கொஞ்சம் தூரம் போகும், ஆயுள் குறையும். பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறி வெடித்துவிடும். துணியால் பிடித்து மாட்டுங்கள்.

100 வாட் பல்பு வேண்டாம். 55 வாட் பல்பு இழுக்கும் கரண்டு நாலரை ஆம்பியர் என்றால், 100 வாட் இழுப்பது எட்டுக்கு மேல். அதற்கென்று போடாத ஒயர் உருகும், கிண்ணத்தின் பூச்சு கருகும்.

இன்றைய மோகம் எல்.இ.டி.யும் எச்.ஐ.டி.யும். ஆலையிலேயே அதற்கென்று செய்த விளக்கில் அவை மிக நல்லவை. ஹெச்4 கிண்ணத்தில் அவற்றைச் செருகினால், இழை இருந்த இடத்தில் ஒளி பிறக்காது. கண்ட பக்கமும் சிதறும். காருக்கு முன்னே பளிச்சென்று தெரியும். தூரத்தில் ஒன்றும் தெரியாது. எதிரே வருபவருக்கோ கண் கூசும். ஜெர்மனியில் 2020இல் இத்தகைய எல்.இ.டி. பல்புக்கு அனுமதி தந்தபோதுகூட, சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் வகைகளுக்கு மட்டுமே தந்தார்கள். நம் நாட்டிலும் விளக்கைப் பற்றி 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளிலேயே கட்டுப்பாடு உண்டு. மனம்போல் மாற்றினால் ஜே.பி.ஜே. சம்மன் வீடு தேடி வரும்.

பனி விளக்கின் வேலை வேறு

மூடுபனியில் ஹைபீம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்னே வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். பனித்துளிகளில் பட்ட ஒளி நம் கண்ணுக்கே திரும்பி வருவதால் அப்படி. அதனால்தான் பனி விளக்கைத் தாழ்வாக வைத்து, ஒளி மேலே எழாமல் அகலமாகப் பரவும்படி செய்கிறார்கள். தூரம் காட்டுவது அதன் வேலையல்ல. சாலையின் ஓரத்தையும் கோட்டையும் காட்டி, மெல்லப் போக உதவுவதே அதன் வேலை. ஆகவே அதற்குள் பெரிய பல்பைத் திணிப்பதால் லாபமில்லை. அதில் எந்த வாட் குறித்திருக்கிறதோ அதையே போடுங்கள்.

மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்பது பலகால நம்பிக்கை. பிரான்சில் 1930களின் பிற்பகுதி முதல் 1993 வரை கார்களுக்கு மஞ்சள் முகவிளக்கே சட்டமாக இருந்தது. ஆனால் பனித்துளி பெரியது. அது எல்லா நிறத்தையும் ஒன்றுபோலவே சிதறடிக்கும். மஞ்சளில் சிலருக்குக் கண் கூச்சம் சற்றுக் குறையலாம், அவ்வளவுதான்.

புகைமூட்டம் வேறு கதை. 2013 ஜூன் 23ஆம் நாள் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டு, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை ஜொகூர் மக்கள் மறக்கமாட்டார்கள். புகைத்துகள் மிகச் சிறியது. நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். ஆகவே நாகரிகம் என்று நீலம் பூசிய பல்பு போடுகிறவர்கள், புகையில் முதலில் தடுமாறுவார்கள். அந்த நீலப்பூச்சு நல்ல நாளிலும் ஒளியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

பனியோ புகையோ பெருமழையோ விலகியதும் பனி விளக்கை அணைத்துவிடுங்கள். பின்பக்கத்துச் சிவப்புப் பனி விளக்கையும் மறக்காதீர்கள். மழையில் நனைந்த சாலையில் அந்த ஒளி, பின்னால் வருபவருக்குத் தீராத தொல்லை.

வேகமும் வெளிச்சமும்

கடைசியாக ஒரு கணக்கு. டிம் ஒளி நல்ல நிலையில் இருந்தாலும் காட்டும் தூரம் சுமார் 50, 60 மீட்டர்தான். ஈரச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார், ஆபத்தைக் கண்டு பிரேக் பிடித்து நிற்க அதைவிட அதிகத் தூரம் வேண்டும். 60க்குக் குறைத்தால் ஏறக்குறைய அந்த வெளிச்சத்துக்குள்ளேயே நிற்கலாம். எந்தக் கடையிலும் கிடைக்காத 'கூடுதல் வெளிச்சம்' இது. விலையும் இல்லை.

ஆகவே, அன்பர்களே! கண்ணாடி, ஒயர், திசை, பல்பு என்ற வரிசையை மனத்தில் வையுங்கள். அடுத்த சம்பள நாளில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகுமுன், இன்று மாலையே ஒரு ஈரத்துணியை எடுத்து விளக்கைத் துடைத்துவிட்டு, ஒரு சுவரின் முன் காரை நிறுத்திப் பாருங்கள். நாளை விடியற்காலையில் எதிரே மோட்டார்சைக்கிளில் வருகிறவர், நம் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம்.