வரைந்த படத்துக்கு ஒரு கடை

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் விருந்தினர்களுக்குச் சால்வைக்குப் பதிலாக வேறு ஏதாவது கொடுக்கலாம் என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டிருந்தோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வரைந்த ஏரிக்கரைப் படம் தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருந்தது. அதைக் கப்பில் அச்சிட்டுக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். 50 கப்புக்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது என்றார் அச்சகக்காரர். 50 அடித்தோம். படத்துக்குக் கீழே பள்ளியின் பெயர் பெரிதாக இருந்தது. விழாவில் எல்லாரும் பாராட்டினார்கள்.

மறுநாள் அந்த மாணவன் என் மேசையில் இருந்த கப்பை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "டீச்சர், என் பேரு எங்க டீச்சர்?" என்றான். அவன் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. எங்கேயாவது இருக்கும் என்று நம்பித்தான் தேடினான். என்னிடம் பதில் இல்லை. அவனிடமோ அவன் வீட்டிலோ ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

50 கப்பில் 27 செலவாயின. மீதி 23 கப் இன்றும் ஆய்வக அலமாரியில் இருக்கின்றன. ஒரு படத்தைப் பொருளாக்குவது எப்படி, அதில் யாருக்கு என்ன உரிமை என்ற இரண்டு கேள்விகளையும் அந்த அலமாரிதான் என்னிடம் கேட்டது. நான் கணித ஆசிரியர், ஓவியம் வராது. ஆனால் என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்து, இப்போது கவின்கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் ஒரு மாணவி, தன் படங்களை இணையத்தில் விற்க வழி கேட்டு அதே மாதம் வந்தாள். இருவரும் சேர்ந்து கற்றுக்கொண்டதை இங்கே பகிர்கிறேன். ஓவியத்தில் ஆர்வமுள்ள மாணவர் உங்கள் பள்ளியிலும் இருப்பார்.

தேவைக்கேற்ப அச்சிடல்

வழக்கமான முறையில் முதலில் சரக்கு, பிறகு விற்பனை. விற்காவிட்டால் அலமாரிதான். 'தேவைக்கேற்ப அச்சிடல்' முறையில் இந்த வரிசை தலைகீழ். ஓவியர் தன் படத்தை இணையத்தில் ஏற்றிவைக்கிறார். ஒருவர் அந்தப் படம் போட்ட சட்டையோ கப்போ சுவர்ப்படமோ வேண்டுமென்று பணம் கட்டிய பிறகே, அச்சு நிறுவனம் அந்த ஒன்றை மட்டும் அச்சிட்டு, பொதிந்து, வாங்கியவர் வீட்டுக்கு அனுப்புகிறது. அச்சுக் கூலியும் அனுப்பும் செலவும் போக மீதி ஓவியருக்கு. ஒரே ஒரு கப்பும் அச்சிடலாம்.

இதில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, சந்தைத் தளம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2006இல் தொடங்கிய ரெட்பபிள் இந்த வகை. விற்பனை வேலைகளை அந்தத் தளமே பார்த்துக்கொள்ளும். படத்துக்குரியவருக்கு ஒரு பங்கு வரும். வேலை குறைவு, பங்கும் குறைவு. இலட்சக்கணக்கான படங்களுக்கு நடுவே நம் படம் கண்ணில் படுவதும் கடினம். இரண்டாவது, ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற மென்பொருளில் சொந்தக் கடை அமைத்து, அதை அச்சு நிறுவனத்துடன் இணைப்பது. விலையை நாமே வைக்கலாம். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வதும் நாமே. திருப்பூரிலும் சென்னையிலும் இத்தகைய அச்சு நிறுவனங்கள் இருக்கின்றன. பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூரில் வெற்றுச் சட்டையும் அச்சு இயந்திரமும் ஒரே ஊரில் கிடைப்பது இதற்கு வசதி.

மாணவி இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தாள். ஆட்டுக்கல், நீர் இறைக்கும் கிணறு, சைக்கிளில் ஐஸ் விற்பவர் என்று தன் ஊர்க் காட்சிகளைக் கறுப்பு மையில் கோட்டோவியமாக வரைந்து வைத்திருந்தாள்.

படம் தயார் செய்தல்

முதல் தடுமாற்றம் இங்கேதான். கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை ஏற்றினாள். திரையில் நன்றாக இருந்தது. அச்சில் மங்கலாக வந்தது. காரணம் எளிய வகுத்தல் கணக்கு. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். சட்டையின் முன்பக்கம் 12 அங்குல அகலம், 16 அங்குல உயரத்தில் அச்சிட 3600 × 4800 புள்ளிகள் தேவை. 1200 புள்ளி அகலமுள்ள படத்தை அதே 12 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 100 புள்ளிகள்தான் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது புள்ளிகளைக் குறைத்துவிடும். ஆவணமாக அனுப்பினால் குறையாது.

அதன்பின் நாங்கள் பின்பற்றிய முறை இது:

1. படத்தை ஸ்கேன் செய்தல். ஏ4 தாளை 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தால், நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்கான ஏ2 அளவுக்குத் தெளிவு கெடாமல் அச்சிடலாம்.

2. ஜிம்ப் அல்லது கிரிட்டா மென்பொருளில் தாளின் கறையை நீக்கி, பின்னணியை வெறுமையாக்குதல். இரண்டும் இலவசம்.

3. பி.என்.ஜி. வடிவில் சேமித்தல். ஜெ.பி.ஜி. வடிவில் பின்னணி வெறுமையாக நிற்காது. நிறச் சட்டையில் படத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் விழும்.

4. மாதிரி ஒன்று வாங்கிப் பார்த்தல். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் பளிச்சென்று இருக்கும் நீலமும் பச்சையும் துணியில் அடங்கித் தெரியும். சட்டையையும் கப்பையும் நம் கையில் பார்க்காமல் பிறருக்கு விற்பது சரியல்ல.

படத்தோடு தமிழ் வாசகம் சேர்ப்பதானால் எழுத்துருவின் உரிமத்தையும் பார்க்க வேண்டும். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், காடமரான் போன்றவை திறந்த உரிமத்தில் வருபவை. அவற்றை விற்பனைப் பொருளிலும் பயன்படுத்தலாம்.

கணக்கு

அவள் கடையில் ஒரு சட்டையின் கணக்கு: அச்சுடன் சட்டை 280 ரூபாய். அனுப்பும் செலவு 70. இணையவழிப் பணம் பெறும் கட்டணம் 10. மொத்தம் 360. விற்பனை விலை 499. மீதி 139 ரூபாய். கப்புக்கும் சுவர்ப்படத்துக்கும் 90 ரூபாய் மிஞ்சும்படி விலை வைத்தாள்.

முதல் மூன்று மாதங்களில் 4 சட்டைகளும், கப்பும் சுவர்ப்படமுமாக 7 பொருள்களும் விற்றன. 556 ரூபாயும் 630 ரூபாயும் சேர்த்து 1186. மாதிரிகள் வாங்கிய செலவு 740. மீதி 446. 'பொருள் வந்தபின் பணம்' என்ற முறையில் வந்த ஒரு சட்டையை, வீட்டுக்கு வந்த பிறகு வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். சட்டை 280, போக 70, வர 70, ஆக 420 ரூபாய் நட்டம். மூன்று மாத உழைப்பில் கையில் நின்றது 26 ரூபாய்.

அவள் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். தொடக்கத்திலிருந்தே, "ஆன்லைன்னாலே ஏமாத்துதாம்மா" என்று சொல்லி வந்தார். 26 ரூபாய்க் கணக்கைக் காட்டியபோது திட்டுவார் என்று பயந்தாள். அவர், "கைக்காசு போகல இல்ல?" என்று மட்டும் கேட்டாராம். திரும்பி வந்த சட்டையை இப்போது அவர்தான் போட்டுக்கொள்கிறார். அதில் இருப்பது ஐஸ் விற்பவர் படம்.

இந்தக் கணக்கை மறைக்காமல் எழுதக் காரணம் உண்டு. 'வீட்டிலிருந்தபடியே மாதம் இவ்வளவு' என்று ஆசை காட்டும் காணொளிகளை நம் மாணவர்கள் பார்க்கிறார்கள். அச்சு நிறுவனம் அச்சிட்டுத்தான் தரும். வாங்குபவரை நாம்தான் தேட வேண்டும். அவளிடம் வாங்கிய 11 பேரில் 6 பேர் உறவினரும் கல்லூரித் தோழிகளும்தான். அதன்பின் 'பொருள் வந்தபின் பணம்' முறையை அவள் நிறுத்திவிட்டாள். பார்சலில் அனுப்புநராகத் தன் வீட்டு முகவரியும் கைப்பேசி எண்ணும் அச்சாகாதபடியும் மாற்றினாள். பெண் பிள்ளைகள் கடை தொடங்கும்போது இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

வருமானம் சிறிதானாலும் வரிக் கணக்கில் காட்ட வேண்டியதே. சொந்தக் கடை வைத்துப் பிற மாநிலங்களுக்குப் பொருள் விற்பதானால் ஜி.எஸ்.டி. பதிவு தேவையா என்பதை வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.

யாருடைய படம்?

காப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஓவியத்தின் முதல் உரிமையாளர் அதை வரைந்தவர். பதிவு செய்யாவிட்டாலும் அந்த உரிமை உண்டு. அவர் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். மாணவர் பள்ளியின் ஊழியர் அல்லர். பள்ளித் தாளில், பள்ளி வண்ணத்தில் வரைந்தாலும் உரிமை மாணவருடையதே. உரிமையை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலும், 'இதை வரைந்தது நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை போகாது. அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு அதைக் காக்கிறது. "என் பேரு எங்க டீச்சர்?" என்று மாணவன் கேட்டது இந்தப் பிரிவைத்தான். அவனுக்கும் தெரியாது, எனக்கும் அன்று தெரியாது.

இதே சட்டம் நம் மாணவர் பிறருடைய படத்தை எடுப்பதையும் தடுக்கிறது. மாணவி ஒரு திரைப்பட நடிகரின் முகத்தை, இணையத்தில் கிடைத்த ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்து கடையில் ஏற்றியிருந்தாள். இரண்டே நாளில் அது நீக்கப்பட்டு, எச்சரிக்கையும் வந்தது. "நானே கையால வரைஞ்சதுதானே டீச்சர்?" என்றாள். கை அவளுடையது, ஒளிப்படம் வேறொருவருடையது, முகம் இன்னொருவருடையது. சோட்டா பீம் போன்ற கார்ட்டூன் பாத்திரங்களுக்கும் இது பொருந்தும். மரபான புள்ளிக் கோலம் எவர் ஒருவருக்கும் சொந்தமில்லை. ஆனால் இன்னொருவர் புதிதாக அமைத்து வரைந்த கோலப் படத்தைப் பார்த்தெடுப்பது தவறு. இரவி வர்மா 1906இல் மறைந்ததால் அவருடைய ஓவியங்களுக்கு இன்று காப்புரிமை இல்லை.

காப்புரிமை இல்லாத எல்லாவற்றையும் அச்சிடலாம் என்றும் இல்லை. தேசியச் சின்னத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. கைக்குட்டை, மெத்தை உறை, உடைத்துணி ஆகியவற்றில் தேசியக் கொடியை அச்சிடுவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

18 வயதுக்கு உட்பட்டோரும் நாமும்

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன்படி 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே பள்ளி மாணவர் தம் பெயரில் கடை தொடங்க முடியாது. பெற்றோர் பெயரில், பெற்றோர் வங்கிக் கணக்கில், அவர்கள் புரிந்துகொண்டு சம்மதித்த பிறகே தொடங்க வேண்டும். ஆசிரியரின் கணக்கில் அந்தப் பணம் ஒருநாளும் வரக் கூடாது. கடைப் பக்கத்தில் மாணவரின் ஒளிப்படம், பள்ளி, ஊர் ஆகியவற்றைப் போடாமல் இருப்பது பாதுகாப்பு.

நம்மில் பலர் நன்றாக வரைபவர்கள். நாமே கடை தொடங்கலாமா? தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973இன்படி முன் அனுமதி இல்லாமல் வணிகத்தில் ஈடுபடக் கூடாது. எப்போதாவது ஓர் ஓவியம் வரைந்து கொடுப்பது வேறு, நாள்தோறும் திறந்திருக்கும் கடை வேறு. கணவர் அல்லது மனைவி பெயரில் தொடங்கிவிட்டால் போதும் என்றும் எண்ண வேண்டாம். எதுவானாலும் அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, எழுத்து மூலமே பதில் பெற்றுக்கொள்வது நமக்குப் பாதுகாப்பு.

வகுப்பறைக்கு

கடை தொடங்காமலே இதிலிருந்து பாடம் எடுக்கலாம். விகிதம் நடத்தும்போது மேலே சொன்ன புள்ளிக் கணக்கைக் கொடுத்தேன். இலாப நட்டம் நடத்தும்போது 26 ரூபாய்க் கணக்கைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதினேன். "அந்தச் சட்டை திரும்பி வராம இருந்திருந்தா?" என்று ஒரு மாணவி கேட்டாள். 446உடன் 139ஐக் கூட்டி 585 என்று அவளே சொன்னாள். கலைத் திருவிழாவுக்கு வரையும் மாணவர்களுக்கு, பார்த்து வரைவதற்கும் தானாக வரைவதற்கும் உள்ள வேறுபாட்டை ஓவிய ஆசிரியர் எடுத்துச் சொல்லலாம்.

எங்கள் பள்ளியில் இப்போது ஒரு பழக்கம் கொண்டுவந்திருக்கிறோம். கீழ் வலது மூலையில் மாணவர் பெயரும் தேதியும் இல்லாத எந்தப் படமும் சுவரில் ஏறாது. பள்ளி மலரிலோ அழைப்பிதழிலோ படத்தைப் பயன்படுத்துவதானால் மாணவரிடமும் பெற்றோரிடமும் கேட்டு, ஒரு தாளில் ஒப்புதல் பெறுகிறோம்.

அந்த ஏரிக்கரைப் படத்துக்கும் அப்படியே, தாமதமாகத்தான், அவன் அம்மாவிடம் போய்க் கேட்டேன். "இதுக்குப் போயி வீடு வரைக்கும் வந்தீங்களா டீச்சர்" என்று சிரித்தார். பிறகு படத்துக்குக் கீழே அவன் பெயர் போட்டு, தேவைக்கேற்ப அச்சிடும் நிறுவனத்தில் ஒரே ஒரு கப் சொந்தக் காசில் வாங்கிக் கொடுத்தேன். அதில் யாரும் டீ குடிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டானாம். அதில் தூரிகைகளை வைத்திருக்கிறான்.