அறுவடை நேரத்தில் அறுந்துபோகும் செயின்... எக்ஸெல் கணக்கில் இருக்கிறது தீர்வு!

நெல் அறுவடை மும்முரமாக நடக்கும் நேரம். தானியம் ஏற்றும் எலிவேட்டரின் செயின் ‘டப்’பென்று அறுந்துவிட்டால், அன்றைய வேலை அதோடு நின்றுவிடும். கூலி ஆட்கள் காத்திருப்பார்கள், மழை காத்திருக்காது. புதுச் செயின் மாட்டியும் சில வாரங்களில் மறுபடி அறுந்தால், குறை செயினில் மட்டும் இருக்காது. பல்சக்கரத்தின் அளவிலும் இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க, கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ உள்ள எக்ஸெல் போன்ற கட்டத்தாள் போதும். ஒருமுறை சூத்திரங்களை ஏற்றிவிட்டால், பிறகு எண்களை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

இழுவை எவ்வளவு?

1 குதிரைத்திறன் மோட்டார், அரை அங்குல (12.7 மி.மீ) செயின், நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் சிறிய சக்கரத்தில் 17 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். பற்கள், கண்ணி அளவு, சுற்று மூன்றையும் பெருக்கி 60,000-ஆல் வகுத்தால், செயினின் வேகம் விநாடிக்கு 1.08 மீட்டர். 746 வாட்டை இந்த வேகத்தால் வகுத்தால் இழுவை 691 நியூட்டன். அதாவது, சுமார் 70 கிலோ. வேலையில் அதிர்வு இருந்தால் 1.3-ஆல் பெருக்க வேண்டும். அப்போது 90 கிலோவைத் தாண்டும்.

இடம் போதவில்லை என்று 9 பல் சக்கரம் போட்டால், அதிர்வைச் சேர்க்காமலே இழுவை 133 கிலோவாகிவிடும். ஒவ்வொரு பல்லிலும் செயினின் வேகம் சுமார் 6 சதவிகிதம் ஏறி இறங்கும். 17 பல்லில் இது 2 சதவிகிதத்துக்கும் குறைவு. சிறிய சக்கரத்துக்கு 17 பற்களாவது வேண்டும் என்பது இதனால்தான்.

எத்தனை கண்ணி?

பெரிய சக்கரத்தில் 51 பற்கள், இரு தண்டுகளின் மையங்களுக்கு இடையே 500 மி.மீ இடைவெளி. இடைவெளியைக் கண்ணி அளவால் வகுத்தால் 39.37. அதன் இரு மடங்கு 78.74. இரு சக்கரப் பற்களின் கூட்டுத்தொகையில் பாதி 34. பற்களின் வித்தியாசமான 34-ஐ 6.283-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, 39.37-ஆல் வகுத்தால் 0.74. மூன்றையும் கூட்டினால் 113.48.

113 கண்ணி போட்டால் ஒற்றைப்படை. இணைக்க வளைந்த அரைக்கண்ணி தேவைப்படும். செயினில் பலவீனமான இடம் அதுதான். 114 கண்ணி போட்டு, இடைவெளியைச் சுமார் 3 மி.மீ கூட்டினால் பிரச்னை தீர்ந்தது. மோட்டார் அடித்தளத்தில் துளையை நீளமாக வெட்டியிருந்தால் இது சுலபம்.

எப்போது மாற்றுவது?

செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணிகளின் நீளத்தை அளக்க வேண்டும். புதியதில் 254 மி.மீ இருக்கும். 3 சதவிகிதம் நீண்டு 261 மி.மீட்டரைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும். பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் சக்கரத்தையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல், புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும்.

கவனிக்க: கடையில் சொல்லும் ‘அறுபடும் எடை’ என்பது வேலைச் சுமை அல்ல. அந்தச் செயினுக்கு, அந்தப் பல்லுக்கு, அந்தச் சுற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் குதிரைத்திறன் அட்டவணையைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். அளக்கும்போதும் மாட்டும்போதும் மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.