ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?

மின்சார பைக் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான். விளம்பரம் 150 என்று சொல்லும், ஓட்டுகிறவர் நூறைத் தாண்டவில்லை என்பார். யாரும் பொய் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை. சான்றிதழுக்கான சோதனையில் வண்டி ஒரு குறிப்பிட்ட வேக அட்டவணைப்படி ஓடுகிறது. அதன் உச்ச வேகமே மணிக்கு 42 கிலோமீட்டர், சராசரி சுமார் 22. கிண்டியில் மாலை ஆறு மணி நெரிசலுக்கு இது பொருந்தும், திண்டிவனம் சாலைக்குப் பொருந்தாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுவதால், வேகம் 40-இலிருந்து 80 ஆகும்போது அது நான்கு மடங்காகிறது. வண்டியும் ஆளுமாக 220 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், 40 கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 23 வாட் மணி போதும். நகரில் நின்று நின்று போவதைச் சேர்த்தால் 30 ஆகும். 80-இல் அது 60-ஐத் தொடுகிறது. 2019-இல் வந்த ரிவோல்ட் ஆர்வி400-இன் பேட்டரி 3.24 கிலோவாட் மணி. இந்தக் கணக்கின்படி ஊருக்குள் நூறு கிலோமீட்டர் ஓடும் அளவு மின்சாரம், நெடுஞ்சாலையில் 80-இல் விரட்டினால் சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரை போவதற்கே சரியாகிவிடும்.

பெட்ரோல் வண்டிக்கு இப்படி ஒரு சரிவு இருப்பதாக நாம் உணர்வதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. அதில் கால் பங்கு சக்கரத்துக்கு வந்தாலே பெரிது, மிச்சம் சூடாகப் போகிறது. அதிலும் ஊருக்குள் மெதுவாக ஊரும்போதுதான் எஞ்சின் மிக மோசமாக வீணாக்குகிறது. அந்த ஊதாரித்தனம் நெடுஞ்சாலையின் கூடுதல் செலவை மறைத்துவிடுகிறது. மின் மோட்டாரோ எல்லா வேகத்திலும் ஏறத்தாழ ஒரே சிக்கனம். அதனால் காற்று பிடுங்குவது அப்படியே மீட்டரில் தெரிகிறது. ஸ்கூட்டரில் மின்சாரம் வேகமாகப் பரவியதற்கும் மோட்டார் சைக்கிள் தயங்குவதற்கும் முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. ஸ்கூட்டரை ஊருக்குள் ஓட்டத்தான் வாங்குகிறோம். பைக் வாங்குகிறவர் மனத்தில் பொங்கலுக்குச் சொந்த ஊர் போவதும் இருக்கிறது. அதற்கு ஈடுகொடுக்கப் பெரிய பேட்டரி வைக்கலாம்தான். பெங்களூரு அல்ட்ராவயலட் நிறுவனம் எஃப்77-இல் 10.3 கிலோவாட் மணி வைத்தது. ஆனால் அந்த வண்டியின் எடை இருநூறு கிலோவைத் தாண்டுகிறது, விலை மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது.

ஆனால் வருடத்தில் இரண்டு முறை போகும் பயணத்துக்காக வண்டியைத் தேர்ந்தெடுப்பது சரியான கணக்கு இல்லை. அன்றாடம் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஒரு கிலோவாட் மணி, அதாவது ஒரு யூனிட், கொஞ்சம் முன்பின்னாகப் போதும். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றே வைப்போம். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 28 காசு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக்கில் நூறு ரூபாய்ப் பெட்ரோலுக்கு இரண்டு ரூபாய். வருடத்துக்கு 9,000 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சம் ஏறக்குறைய 15,500. பத்து கிலோமீட்டர்தான் ஓட்டுகிறவருக்கு இது ஐயாயிரத்துக்குச் சுருங்கிவிடும். கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருந்தால் அது திரும்பி வரப் பல வருடம் ஆகும். பெட்ரோல் பங்கில் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு நான்கைந்து மணி நேரமா என்று கேட்பார்கள். சொந்த வீடும் வாசலில் பிளக்கும் இருக்கிறவருக்கு அந்த நேரம் தூக்கத்தில் கழிந்துவிடுகிறது. அவர் பங்குக்குப் போகும் வேலையே இல்லை. மூன்றாவது மாடி வாடகைவாசிக்குத்தான் சிக்கல். கழற்றி எடுக்கும் பேட்டரி என்றாலும் இருபது கிலோவை ஒட்டிய பாரத்தைத் தினம் மாடியேற்றுவது யாருக்கு முடியும்? வண்டிகளுக்கு சார்ஜ் போட்டுக் கொடுப்பது மின்சார விற்பனை ஆகாது, உரிமம் வேண்டாம் என்று மத்திய மின்துறை 2018-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே தடை சட்டத்தில் இல்லை. பார்க்கிங்கில் யார் மீட்டரிலிருந்து ஒயர் இழுப்பது, யார் பில் கட்டுவது என்கிற அடுக்குமாடிச் சண்டையில் இருக்கிறது. இதில் கொடுமை, நாளெல்லாம் சுற்றி உணவு கொண்டு கொடுக்கும் இளைஞர்களுக்குத்தான் இந்த வண்டியால் அதிக லாபம். அவர்களில் பலர் தங்கும் அறைகளில் வண்டி தெருவில்தான் நிற்கிறது.

தீப்பிடிக்குமே என்ற பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த வண்டி எரிந்து, புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தக் கோடையில் நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிப் பாதுகாப்பு விதியான ஏஐஎஸ்-156 கடுமையாக்கப்பட்டது. ஆக, 2023-க்கு முந்தைய மலிவு வண்டியை இரண்டாம் கையாக வாங்குவது வேறு, இன்று புதிதாக வாங்குவது வேறு. வேதியியலையும் கேட்டு வாங்கலாம்: லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, நிக்கல் கலந்த வகையைவிடக் கனமானது, ஆனால் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். நம் வெயிலுக்கு அதுவே மேல். சாதாரண சார்ஜர் இழுக்கும் மின்சாரம் இஸ்திரிப் பெட்டியைவிட அதிகமில்லை. ஆனால் மணிக்கணக்கில் இழுக்கிறது. லூசான பிளக் இருந்தால் அதுதான் எமன்.

நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டி என்ன புண்ணியம் என்பது அடுத்த கேள்வி. நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கிலோமீட்டருக்கு 25 கிராம். பெட்ரோலில் எரிவது மட்டுமே 46 கிராம். பேட்டரி செய்யும்போது வெளிப்பட்டதை ஈடுகட்ட பத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டியாக வேண்டும். பரணில் வைத்ததுபோல் வீட்டிலேயே நிறுத்தி வைக்கிறவர் இந்த வாதத்தைப் பேசாமல் இருப்பது நல்லது.

எனக்குச் சமாதானம் கிடைக்காத இடம் மறுவிற்பனை. பெட்ரோல் பைக்கை மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டி, சத்தத்தைக் கேட்டே ஆயுளைச் சொல்லிவிடுவார். பேட்டரியில் மிச்சமுள்ள திறனை அப்படிச் சொல்ல முடியாது. அந்த எண் நிறுவனத்தின் மென்பொருளுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு மின்வாகன பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் இருந்தாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் செய்தது. 2027 பிப்ரவரியிலிருந்து அது கட்டாயம். இங்கே இரண்டாம் கை வாங்குகிறவருக்கு நம்பகமான துப்பு, வாரண்டி இன்னும் எத்தனை வருடம் மிச்சம், அது தன் பெயருக்கு மாறுமா என்பதுதான். அதற்கு மேல் பேசப்படும் விலை எல்லாம் ஊகம்.