குளிரில் வளர்ந்தோரும் இளங்குளிரும்

தில்லியிலே பிறந்து, தில்லிக் குளிரிலே பள்ளிக்குச் சென்று வளர்ந்த நம்மவர் பிள்ளைகள் பலர், உத்தியோகத்தின் பொருட்டு மும்பையிலோ சென்னையிலோ சில ஆண்டுகள் வாழ்ந்து திரும்பியதும், "இந்தக் குளிர் நமக்கு ஒவ்வாது, அங்குள்ள இளங்குளிரே நன்று" என்கின்றனர். "குளிரிலே வளர்ந்த உனக்கா குளிர்?" என்று வீட்டிலுள்ளோர் நகைப்பதும் உண்டு. ஆயினும் இவ்விருப்பத்திற்குத் தக்க காரணங்கள் உள. முதியோரை உடன் வைத்துக் காக்கும் நாம் அவற்றை அறிந்திருத்தல் நலம்.

முதலில் இடத்தின் இயல்பைக் காண்போம். ஜனவரி மாதத்தில் தில்லியின் சராசரிக் குறைந்த வெப்பம் 7 அல்லது 8 டிகிரி செல்சியஸ். சென்னையிலோ ஏறத்தாழ 21 டிகிரி. கடல்நீர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வதால், கடலோர நகரங்களில் இரவுகள் கடுமையாவதில்லை. தில்லி கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ளது. தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவில் இழக்கிறது. இமயத்திலே உறைபனி பெய்து ஓய்ந்தபின் வடமேற்கிலிருந்து வீசும் காற்று குளிரை மேலும் பெருக்குகிறது. 2021 ஜனவரி முதல் நாளன்று தில்லி சப்தர்ஜங்கில் வெப்பம் 1.1 டிகிரிக்கு இறங்கியது. நம் முன்னோர் வகுத்த முன்பனியும் பின்பனியும் தென்னாட்டிற்கேற்ற பருவங்கள். அப்பனி பெரும்பாலும் புல்நுனியில் நிற்கும் பனியே.

இனி உடலின் இயல்பு. தோலிற் குளிர் பட்டதும் அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்வெப்பம் வெளியேறாமற் காக்கின்றன. அது போதாதபோது தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்குகின்றன. சில வாரங்கள் குளிரில் பழகியவர்க்கு நடுக்கம் குறைகிறது. எனினும் இப்பழக்கம் நிலையான சொத்தன்று. வெப்பமான ஊரில் வாழத் தொடங்கியதும் அது தேய்ந்துவிடுகிறது. ஆகவே இளமையிற் குளிரைத் தாங்கியவர் பின்னர் அதனை வெறுப்பதில் வியப்பில்லை.

வீடும் ஒரு காரணம். பெருங்குளிர் நாடுகளில் வீடு முழுவதும் சூடேற்றப்படுகிறது. நம் வடநாட்டு வீடுகளோ பெரும்பாலும் கோடையை எண்ணிக் கட்டப்பட்டவை. உயர்ந்த கூரையும் கல் பாவிய தரையும் மே மாதத்தில் இன்பம் தரும். ஜனவரியில் வெளியிலுள்ள வெயிலைவிட உள்ளறையே குளிர்ந்திருக்கும். இதனாற் சிலர் கதவுகளை அடைத்துக்கொண்டு கரி அங்கீட்டியை அருகில் வைத்து உறங்குகின்றனர். இது உயிருக்கே கேடு. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவிற்கு நிறமும் மணமும் இல்லை. அது இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைக் கவர்ந்துகொள்வதால், உறங்குவோர் உறக்கத்திலேயே மடிய நேரும். குளிர்காலந்தோறும் வட மாநிலங்களில் இவ்வாறு உயிரிழப்போர் உளர். கணப்பு வேண்டுமாயின் விழித்திருக்கும்போது மட்டும், காற்று வர வழிவைத்து மூட்டுக. படுக்குமுன் அதனை அறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்திடுக.

முதியோர்க்கு எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்திற்குச் சுமை கூடுகிறது. இதய நோயுள்ளோர் விடியற்காலை உலாவுதலைத் தவிர்த்து, வெயில் ஏறியபின் செல்வது நன்று. மார்கழி நடுவிலிருந்து தை முடியும்வரை தெற்கே உறவினர் இல்லத்தில் தங்க விழைவாராயின், இயன்றால் அனுப்பிவைப்போம்.

மொட்டை மாடி வெயிலில் அமர்ந்து வேர்க்கடலை உரித்த நினைவு எவருக்கும் இனியதே. அந்நினைவைப் போற்றிக்கொண்டே இளங்குளிரை நாடுபவர் வளர்ந்த ஊரை மறந்தவராகார். தம் உடல் சொல்வதைக் கேட்பவரே ஆவர்.